கை எட்டும் தூரம்

காலை ஏழரைக்குச் செய்தி வந்தது. வேலைக்குப் போகும் பேருந்தில், ஜன்னலோர இருக்கையில் அண்ணன் இறந்திருந்தார். அசந்து தூங்குகிறார் என்று நினைத்து, நடத்துனர் எழுப்பாமலே விட்டிருக்கிறார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் லிஃப்டும் அவர் பொறுப்புதான். மொட்டை மாடியில் மோட்டார் அறைக் கதவின் உட்புறம் ஒரு கவிதையை ஒட்டி வைத்திருந்தார். எழுதியவர் பெயர் அதில் இல்லை.

விழுந்ததை எடுத்து வை;
யாருடையது என்று பிறகு கேள்.
திறந்து கிடப்பதை மூடு;
திறந்தவனைத் தேடாதே.
உன் கை எட்டும் தூரமே உன் ஊர்.
அதற்குள் எவரும் தனியாக இல்லை
என்று பார்த்துக்கொள்.

எனக்கு இந்தக் கவிதை பிடிக்கும். உலகத்தையே நேசி என்று அது கேட்பதில்லை. கேட்டிருந்தால் தலையாட்டிவிட்டு நகர்ந்திருப்போம். உன் கை எவ்வளவு நீளம் என்று மட்டும்தான் கேட்கிறது. அதற்குச் சாக்குச் சொல்வது கடினம்.

அண்ணன் அதை வாய்விட்டுப் படித்து நான் கேட்டதில்லை. அண்ணிதான் கிண்டல் செய்வார்.

"உங்க கை ரொம்ப நீளம். ஊரு வேலை எல்லாம் எட்டுது. நம்ம வீட்டுக் குழாய்தான் எட்ட மாட்டேங்குது."

"அது ரொம்பப் பக்கத்துல இருக்கு. இவ்வளவு நீளக் கையை எப்படி மடக்குறது?"

நாலாம் மாடியில் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர் தனியாக இருக்கிறார். கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அண்ணன் முதலில் நாலாம் மாடிக்குப் போய் அவர் கதவை இரண்டு தட்டு தட்டுவார். உள்ளிருந்து ஊன்றுகோல் ஒரு முறை தரையைத் தட்டும். அந்தப் பதில் வந்த பிறகுதான் கீழே இறங்குவார். வராவிட்டால் திறந்து பார்க்க ஒரு சாவியும் வைத்திருந்தார். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அண்ணனை மருத்துவமனையிலிருந்து நேரே கொண்டுபோய் அடக்கம் செய்தோம். டிரைவரிடம் யாரும் சொல்லவில்லை. அண்ணி சொல்லியிருப்பார் என்று நான் இருந்துவிட்டேன். நான் சொல்லியிருப்பேன் என்று அண்ணி. எங்களில் ஒருவர் சொல்லியிருப்போம் என்று மற்ற வீட்டுக்காரர்கள். ஒரு வாரம் கழித்து, காலையில் பல் துலக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கதவை இப்போது யார் தட்டுகிறார்கள்? விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையின்றிப் படியேறி ஓடினேன்.

டிரைவர் கதவைத் திறந்தார்.

"யாரு, தங்கச்சியா? வாம்மா. என்ன இப்படி மூச்சு வாங்குது?"

"ஐயா... அண்ணன் தவறிட்டாரு. போன வாரமே."

"காலங்காத்தாலே என்ன விளையாட்டும்மா இது? இப்பதானே தட்டிட்டுப் போனாரு. லிஃப்ட் இன்னும் கீழே போய்ச் சேர்ந்திருக்காது."

திரும்பிப் பார்த்தேன். லிஃப்டின் மேல் சிவப்பு எண் மூன்று காட்டியது. பிறகு இரண்டு.

"வேற யாராவது தட்டியிருப்பாங்க ஐயா."

"சத்தத்தை வச்சே எந்த இஞ்சின்னு சொன்னவன் நான். உங்க அண்ணன் தட்டு எனக்குத் தெரியாதாக்கும்."

அவர் நம்பவே இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். தட்டியதாக ஒருவரும் சொல்லவில்லை. அண்ணி மட்டும், "இருக்கட்டும், விடு" என்றார்.

என்னால் விட முடியவில்லை. பயம் ஒருபுறம் இருக்கட்டும். தட்டுவது யாராக இருந்தாலும், ஊன்றுகோல் பதில் சொல்லாத நாளில் அந்தக் கதவைத் திறக்க வேண்டுமே. மருத்துவமனையில் தந்த அண்ணனின் பொருட்களோடு சாவி என் மேசைமேல் அல்லவா இருந்தது.

மறுநாள் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். நான் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஆள் இல்லை; கிரீஸ் வாசனை மட்டும். ஏறினேன். டிரைவர் வீட்டின் முன் நின்று கையை ஓங்கினேன். என் விரல் இன்னும் மரத்தில் படவில்லை. இரண்டு தட்டு விழுந்தது.

உள்ளே ஊன்றுகோல் ஒரு முறை தட்டியது.

ஓடிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. ஆனாலும் நானும் இரண்டு தட்டு தட்டினேன். பிறகு ஊன்றுகோல் இன்னொரு முறை தட்டியது.

"இன்னைக்கு ரெண்டு பேரா? நான் இருக்கேன், இருக்கேன். போயிட்டு வாங்க."

தினமும் போகிறேன். சில நாள் எனக்கு முன்பே தட்டு விழுந்துவிடுகிறது. நானும் தட்டிவிட்டுத்தான் வருகிறேன்.

அந்தக் கதவின் நிலையில் அழைப்பு மணி பொருத்த அண்ணன் இரண்டு துளை போட்டிருக்கிறார். ஒன்றில்தான் திருகாணி இருக்கிறது. மற்றதை நான் முடுக்கவில்லை; மணி வந்துவிட்டால் தட்டு நின்றுவிடும்.