அப்பா பின்பெஞ்சில் உட்கார்ந்த பன்னிரண்டு ஞாயிறுகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் தயங்கிய வருஷங்கள் முப்பதுக்கு மேல் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை பள்ளி நோட்டில் நாலு வரி எழுதிக் கிழித்துப் போட்டேன். அப்பா உயிரோடு இருந்தபோது எழுதியிருந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டி வந்திருக்கும். அவர் போன பிறகு, இனி எழுதி யாருக்கு என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டேன். நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கோபம் வந்ததால்தான் இன்றைக்காவது எழுதுகிறேன்.

மலேசியாவில், லிங்கிக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் எஸ்டேட்டில் நாங்கள் இருந்தோம். லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், எட்டு வீடு கிறிஸ்தவர்கள். பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு சின்னக் கோயில் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிரம்பானிலிருந்து போதகர் வருவார், ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்குத்தான் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து, நாங்கள் பந்தி என்போம். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார். அவர் வாரநாளில் ஸ்டோரில் ரப்பர் பால் நிறுப்பவர். வாளியில் விரலை விட்டு எடுத்தே, எந்தப் பாலில் யார் தண்ணீர் கலந்தது என்று சொல்லிவிடுவார். மனுஷர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

அப்பா குடிகாரர். இதில் மறைக்க ஒன்றும் இல்லை, எஸ்டேட்டே அறிந்தது. எனக்கு ஏழு வயதில், பாலுக்கு மரம் வெட்டிவிட்டு வந்தவர் கள்ளுக்கடைக்குப் போய்த் திரும்பி, சோறு ஆறிப்போனதற்காகப் பால் வாளியைத் தூக்கி அம்மாவின் முகத்தில் அடித்தார். அம்மாவின் முன்பல் ஒன்று போனது. அதற்குப் பிறகு அம்மா சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். பக்கத்து வீட்டில் ஏதாவது வேடிக்கை பேசினால்கூட முதலில் கை எழும்பும், பிறகுதான் சிரிப்பு வரும். நான் அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள்.

எனக்குப் பத்து வயதானபோது ஒரு முதல் ஞாயிறு, ஐயர் நீதிமானாக்கப்படுவதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். மனுஷன் தன் நற்கிரியையினால் கடவுளுக்கு முன் நீதிமான் ஆவதில்லை, இயேசுவை நம்புகிறவனைக் கடவுள் அந்த நேரமே நீதிமான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார், அதனால் நமக்குச் சமாதானம், அதனால் நமக்குச் சந்தோஷம் என்றார். எனக்கு அது புதுசில்லை. ஓய்வுநாள் பள்ளியில் இதே பாடத்தை மனப்பாடமாய்ச் சொல்லி ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன். அப்பாவுக்குத்தான் புதுசு. அம்மா இழுத்து வந்ததால் வந்தவர், கதவோரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்து ஐயர் காரில் ஏறப் போகும்போது எழுந்து போய் வழியை மறித்தார்.

"ஐயரே, இப்பவேவா?"

"இப்பவேதான் தம்பி."

"நான் இன்னும் ஒண்ணும் நிப்பாட்டலயே. நேத்துகூட தண்ணி போட்டேன்."

"நிப்பாட்டிட்டு வான்னு சொல்லலையே. நம்பி வான்னுதானே சொன்னேன்."

 அப்பா சிரித்தார். முப்பத்திரண்டு பல்லும் தெரிய, சட்டைக்குள் வயிறு குலுங்க. அப்படியே சிரித்துக்கொண்டே லயத்துக்கு நடந்தார்.

அன்றிலிருந்து அவர் குடிக்கவில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அவர் குடிக்காதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவர் சந்தோஷமாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் விசில் அடித்தார். மரம் வெட்டும்போது கீர்த்தனை பாடினார். விடிகாலை பெரட்டில் பேர் கூப்பிடும்போது வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேட்டாராம்: "டேய், கள்ளு குடிச்சப்பகூட நீ இவ்ளோ சிரிச்சதில்லயேலா. அந்த ஐயரு அப்படி என்னாடா ஊத்திக் குடுத்தாரு?" அதையும் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். அடுப்படியில் போய் நின்று, "நான் உனக்குச் செஞ்சதுக்கு மன்னிச்சிரு" என்றார். அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே, "சரி, தட்டை எடுத்து வைங்க" என்றார். அவ்வளவுதான். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் காதெல்லாம் சுட்டது. இவ்வளவு சுலபமா. ஒரு நாள்கூட அழவில்லை, ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை, ஊரே பார்க்கத் தலை குனியவில்லை. பல்லைப் போக்கியவர் பல்லைக் காட்டிக்கொண்டு திரிகிறார், பல் போனவர் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். இதுவா கடவுளின் நீதி? பத்து வயதில் இந்த வார்த்தைகள் எனக்கு இல்லை. இந்தக் கோபம் இருந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை உபதேசியார் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவார். யார் நாளை பந்திக்கு வரலாம் என்று பேர் எழுதுவார். ஆனால் ஒருவரைப் பற்றி அவரிடமே கேட்கமாட்டார், வீட்டில் வேறு யாரிடமாவது கேட்பார். பெரியவர்கள் இல்லையென்றால் பிள்ளைகளிடம் கேட்பார். பிள்ளைகள் பொய் சொல்லாது என்பது அவர் நம்பிக்கை. குடித்ததாகத் தெரிந்தால் பேர் அடிபடும். மூன்று மாதம் பின்பெஞ்சில் உட்கார்ந்து, பிறகு சபைக்கு முன் எழுந்து நின்று அறிக்கை செய்தால்தான் மறுபடி பந்தியில் சேர்ப்பார்கள்.

அப்பா கடைசியாகப் பந்தியில் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஐயர் சம்மதித்திருந்ததால் அந்த மாதம் தன் பேர் எழுதப்படும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையை அம்மா கஞ்சி போட்டு வைத்திருந்தார்.

சனிக்கிழமை உபதேசியார் வந்தபோது அம்மா தண்ணீர் பிடிக்கப் பைப்படிக்குப் போயிருந்தார். நான் வாசலில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். அப்பா பின்னால் மரவள்ளிப் பாத்தியில் மண் கொத்திக்கொண்டிருந்தார். பாட்டுச் சத்தம் கேட்டது.

"பாட்டெல்லாம் பலமா இருக்கு" என்றார் உபதேசியார். "என்ன பாப்பா, அப்பா இப்ப எப்படி? உண்மையச் சொல்லணும்."

அந்தப் பாட்டு நின்றிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். சொல்லியிருப்பேன்.

"புதன்கிழமை குடிச்சாரு."

"எங்க?"

"கள்ளுக்கடைக்குப் பின்னால. நான் பாத்தேன்."

உபதேசியார் தலையை ஆட்டினார். அவருக்கு வருத்தம் இல்லை, அவர் நினைத்தது சரியாகப் போன நிம்மதிதான் இருந்தது. "எனக்குத் தெரியும்லா. இந்தச் சிரிப்பு தண்ணி கலந்த பாலுன்னு அன்னிக்கே நெனச்சேன்" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து சின்ன ரூலரை எடுத்து வைத்து, அப்பா பேரின் மேல் சிவப்புக் கோடு போட்டார். கோடு நேராக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

மறுநாள் பேர் வாசித்தார்கள். அப்பா பெஞ்சின் நுனியில், எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருந்தார். அவர் பேர் வரவில்லை. கடைசியில் உபதேசியார், குடியில் மறுபடி விழுந்ததால் இன்னார் மூன்று மாதம் பின்பெஞ்சில் என்றார். அம்மா எழுந்துவிட்டார். கோயிலில் அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"அவரு குடிக்கலங்க. யாரு சொன்னது?"

"உங்க வீட்டுப் பிள்ளைதாம்மா சொல்லுச்சு."

எட்டு வீடும் என்னைப் பார்த்தது. அப்பாவும் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஐயர் அங்கேதான் நின்றார், என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார், நான் அழுது உளறியிருப்பேன், அன்றைக்கே அவர் பந்தியில் இருந்திருப்பார். எனக்கும் அது தெரியும். நான் பெஞ்சுப் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளை சொன்னா சரிங்க" என்றார் அப்பா. எழுந்து பின்பெஞ்சுக்குப் போனார். பந்தி நடக்கும்போது பாடுவார்கள் அல்லவா, அதில் எல்லாரையும் விடச் சத்தமாக அவர் குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன். முகம் தொங்கியிருக்கும் என்று ஆசையோடு பார்த்தேன். கண் நனைந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இதையும் என்னால் அவரிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கையை ஓங்கினார். "ஏன்டி சொன்னே? எதுக்குடி?"

அப்பா நடுவில் வந்து அந்தக் கையைப் பிடித்தார். "அடிக்காத. இந்த வீட்டுல அடிச்சு யாரும் சரியானதில்ல."

அடி வாங்கியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கத்திவிட்டேன். "நீங்க சிரிக்கக் கூடாது. நீங்க ஏன் சிரிக்கிறீங்க? உங்களுக்கு என்னா இருக்கு சிரிக்க?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "கூடாதுதாம்மா. நான் செஞ்சத நெனச்சா சிரிக்கக் கூடாதுதான். ஆனா எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன்னு கர்த்தரு சொல்றாரே. அத நெனச்சா வந்துருது."

பன்னிரண்டு ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் உபதேசியாரிடம் போய் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோயில் வாசலிலிருந்து அவர் மேசைக்குப் பதினைந்து எட்டுகூட இருக்காது. போகவில்லை. முதல் வாரம் பயத்தில் போகவில்லை. பிறகு பிடிவாதத்தில் போகவில்லை.

நான்காம் மாதம் அறிக்கை செய்யும் நாள் வந்தது. செய்யாத குற்றத்தை அவர் எப்படிச் சொல்லப் போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் எழுந்து நின்றார்.

"நான் குடிகாரன்தாங்க. எந்தக் கிழமைன்னு கேட்டா எல்லாக் கிழமையும் குடிச்சிருக்கேன். என் சம்சாரத்த அடிச்சிருக்கேன், பல்லு போயிருச்சு. இதெல்லாம் கர்த்தர் மன்னிச்சிட்டாருன்னு நம்பினேன், அதனாலதான் சிரிச்சேன். சிரிச்சது தப்புன்னா சபையார் அதையும் சேத்து மன்னிச்சிருங்க."

கோயிலே சிரித்தது. ஐயர் குனிந்து அங்கியைச் சரி செய்வது போல் சிரிப்பை மறைத்தார். அம்மாவும் சிரித்தார். கை வாய்க்குப் போனது. எவ்வளவு மன்னித்தாலும் பல் முளைப்பதில்லை. நான் சிரிக்கவில்லை.

அப்பா சாகும்வரை குடிக்கவில்லை. அந்தப் புதன்கிழமையைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை. நானும் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காமலே தந்துவிட்டார் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு கோபம் உண்டு, வெட்கமும் உண்டு, இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

போன மாதம் சிரம்பான் ரஹாங்கில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேச வந்த தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. லிங்கி பக்கம் ஒரு எஸ்டேட்டில் நடந்த கதை என்று ஆரம்பித்தார். ஒருவன் விசுவாசித்தேன் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தானாம். ஒரே மாதத்தில் மறுபடி குடியில் விழுந்தானாம். பிறகு மூன்று மாதம் பின்பெஞ்சில் அழுது தவித்து, அதனால்தான் மனுஷன் ஆனானாம். "பாருங்க, சும்மா நம்புனா மட்டும் போதாது. அழுதாதான் சந்தோஷம் நிலைக்கும்" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். என் பொய் வளர்ந்து, பைபிளைக் கையில் பிடித்துக்கொண்டு, என் அப்பாவையும் அவர் நம்பின சுவிசேஷத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பதிமூன்றாவது முறையாக.

மனுஷன் முதலில் திருந்த வேண்டும், பிறகு கடவுள் அவனை ஏற்க வேண்டும், சிரிப்பு அதற்கும் பிறகுதான் என்று நான் ஒரு வரிசை வைத்திருந்தேன். அந்தத் தம்பியும் அதே வரிசையில்தான் நிற்கிறார். அப்பாவுக்கு அது தலைகீழாக வந்தது. முதலில் கடவுள் ஏற்றுக்கொண்டார், உடனே அப்பா சிரித்தார், அந்தச் சிரிப்பின் பலத்தில்தான் ஒவ்வொரு நாளும் கள்ளுக்கடையைத் தாண்டி நடந்தார். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

இன்னொன்றும் விளங்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வாரமும் அப்பா பின்பெஞ்சின் சுவர் ஓரமாக ஒதுங்கி உட்காருவார். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் இருக்கும். நான் திரும்பும் போதெல்லாம் என்னைப் பார்த்துப் புன்னகை செய்வார். என்னை ஜெயித்துவிட்டதாகக் காட்டுகிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த இடம் யாருக்கு என்று நான் யோசிக்கவே இல்லை.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை யாருக்காவது சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். அந்தப் புதன்கிழமை அவர் குடிக்கவில்லை. மகள் பொய் சொன்னாள். அது பொய் என்று தெரிந்தும் அவர் பின்னால் உட்கார்ந்து பாடினார். நான் ஓடிப்போய் அவர் காலில் விழுந்து அழுததாகச் சேர்த்துவிடாதீர்கள். நான் போகவில்லை.