சுந்தரம் எனக்கு விட்டுவைத்த இடம்

சென்ற பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்குச் சுந்தரத்தின் மகள் திலகாவிடமிருந்து அழைப்பு வந்தது. "அப்பா தூக்கத்துலயே போயிட்டாருங்க, அங்கிள்" என்றாள். எங்கள் ஆல்பத்தின் கடைசிப் பாட்டை மறுநாள்தான் மறுபடி பதிவு செய்வதாக இருந்தோம். நாட்குறிப்பில் அந்த வெள்ளிக்கிழமையைச் சிவப்பு மையால் குறித்து வைத்திருந்தேன்.

'தூரவெளி' இசைக்குழுவை அறிந்தவர்களுக்குச் சண்முகசுந்தரத்தை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் தொலைபேசி இணைப்பகத்தில் டெக்னீஷியன். எங்களுக்குக் கீபோர்டும் குரலும் அவரே. ரஹீம் கிட்டார். வேங்கிக்காலில் நில அளவைப் பிரிவில் எழுத்தராக இருந்த நான் டிரம்ஸ். நீண்டு மிதக்கும் ஒலிகள், அசையாத தாளம், பூமியை விட்டு விலகிப் போகும் கலங்களைப் பற்றிய பாட்டுகள். விண்வெளி ராக் என்று இதற்குப் பெயர். நாற்பத்தோரு ஆண்டுகளில் நான்கு ஆல்பங்கள். சிலர் ஐந்து என்று எழுதுகிறார்கள்; அது தவறு. ஐந்தாவது இப்போதுதான் முடிகிறது.

கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் வாசித்தோம். பன்னிரண்டு நிமிடம் பொறுத்திருந்த ஒருவர் எழுந்து, "பாட்டு எப்ப சார் ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். சுந்தரம் மைக்கில் நிதானமாகச் சொன்னார்: "கிளம்பி ரொம்ப தூரம் வந்துட்டோங்க. நீங்களும் ஏறிக்குங்க." கேட்டவரே கைதட்டினார். அதன் பிறகு எங்கள் கச்சேரிகளுக்கெல்லாம் அவர் வந்தார்.

வாசிப்பில் அவர் சிக்கனமானவர். ஏன் இவ்வளவு கம்மியாக வாசிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "எல்லாத்தையும் நானே ரொப்பிட்டா, நீங்க எங்க உக்காருவீங்க?" என்றார்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். எங்கள் பதிவறை அடி அண்ணாமலையில், ரஹீம் வீட்டு முன்னறை. சுவரெல்லாம் மெத்தை அடித்திருந்தாலும், வாசலில் கிரிவலப் பாதை. எதிரே ஒலிபெருக்கிக் கம்பம். ஆகவே பௌர்ணமியில் பதிவு செய்வதில்லை என்பது எங்கள் வழக்கம். தேதி குறிப்பவன் நான். நாட்காட்டியில் புதன்கிழமை பௌர்ணமி என்று பார்த்து, செவ்வாய்க்கிழமையைக் குறித்தேன். திதி செவ்வாய் முற்பகலிலேயே தொடங்குகிறது என்பதைப் பார்க்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் போனால், பாதை நிறைய ஜனம்.

"வாங்க, தேதி தாசில்தாரே! உங்க பௌர்ணமி நாளைக்கு. ஊரு பௌர்ணமி இன்னிக்கே வந்துடுச்சு" என்றார் ரஹீம்.

சுந்தரம் சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டார். திரும்பி வராத கலத்தைப் பற்றிய பாட்டு அது. பாதியில் ஒலிபெருக்கி புகுந்தது: "கீழ்பென்னாத்தூர்ல இருந்து வந்த சரோஜா அம்மா, எங்க இருந்தாலும் உடனே தகவல் மையத்துக்கு வாங்க. உங்க வூட்டுக்காரர் காத்துக்கிட்டு இருக்காரு." உடனே சுந்தரம் கீபோர்டில் மூன்று சுரங்களால் பதில் சொன்னார். பதிவு கெட்டது போதாதென்று விளையாட்டு வேறா என்ற கோபத்தில் நான் குச்சிகளை வைத்துவிட்டு எழுந்தேன். பதிவுப் பொறுப்பைப் பார்க்கும் அவர் மகள் திலகாவிடம், "இதை அழிச்சிடும்மா" என்று சொல்லி வெளியேறினேன். இடையில் அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை. மறுபதிவு தள்ளிப்போனது. அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து முப்பத்தேழாம் நாள் அவர் இல்லை.

அந்தப் பாட்டை அவர் பாடிப் பதிவானது அந்த ஒருமுறைதான். அதை அழிக்கச் சொன்னவன் நான். பதினாறாம் நாள் காரியம் வரை அதை அழித்துவிட்டாளா என்று திலகாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் கேட்டேன்.

"அழிக்கலங்க, அங்கிள். 'அவரு கோவம் மூணு நாளுக்குமேல நிக்காது, வச்சிரு'ன்னாரு அப்பா."

பதிவறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஐந்தாம் நிமிடம் பன்னிரண்டாம் வினாடியில் என் தாளம் நிற்கிறது. நான் கதவைச் சாத்திய சத்தமும் பதிவாகியிருக்கிறது. பின் ரஹீமின் குரல்: "அவரு பூட்டாரு சார். நிறுத்திடலாமா?"

சுந்தரத்தின் குரல்: "வாசி, வாசி. வந்துடுவாரு. அவருக்கு இடம் வுட்டே வாசிக்கிறேன்."

அதன் பின் நான்கு நிமிடங்கள் அவர் வாசித்திருக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் என் தாளம் விழ வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. முடிவை நெருங்கும்போது வெளியே ஒலிபெருக்கி: "சரோஜா அம்மா வந்து சேந்துட்டாங்க." சுந்தரம் சிரிக்கிறார். அதே மூன்று சுரங்களோடு பாட்டு முடிகிறது. அன்று வாசலைத் தாண்டிப் போய்விட்ட நான் அந்த வாசிப்பைக் கேட்டிருக்கவில்லை.

திலகாவை மறுபடி ஓடவிடச் சொல்லிவிட்டு டிரம்ஸில் உட்கார்ந்தேன். அவர் விட்டிருந்த இடங்களில் வாசித்தேன். ஒரே முறைதான், எங்கும் இடிக்கவில்லை. முடிந்ததும் ரஹீம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்பத்திமூணு நாள் லேட்டு, தாசில்தாரே" என்றார். எண்ணிப் பார்த்தேன். கணக்கு சரிதான்.

வரும் பத்தொன்பதாம் தேதி ஆல்பம் வெளியாகிறது. திதியும் அது தொடங்கும் நேரமும் பார்த்துத்தான் குறித்திருக்கிறேன். சரோஜா அம்மாவை அழைத்த குரலும் நான் சாத்திய கதவும் அதில் அப்படியே இருக்கும். எதையும் நீக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். சுந்தரத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நான்கு நிமிடங்களை. கோபித்துக்கொண்டு போன ஒருவன் திரும்பி வருவான் என்று நம்பி, அவனுக்கு அவர் காலியாக வைத்திருந்த இடம் அது.