அண்ணி முன்னால் சொல்லக்கூடாத சொல்

இலங்கையில், கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கூலிக்கு ரப்பர் பால் வெட்டும் குடும்பம் எங்களுடையது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் எதையும் நல்லது என்று சொல்லமாட்டார்கள். கறி ருசியாக இருந்தால் "சாப்புடலாம்" என்பார்கள். புதுச்சேலை எடுப்பாக இருந்தால் "ஒடம்ப மூடுதுல்ல, போதும்" என்பார்கள். ஒருவர் வாயிலிருந்து "பரவால்ல" என்று வந்துவிட்டால் அது பொன்னாடை போர்த்திய மாதிரி. இப்படிப்பட்ட இடத்திலிருந்து போய், சனிக்கிழமைதோறும் டவுனில் ஒரு புடவைக்கடை மாடியில் நான் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. பள்ளிக்கூடத்து ஓ-எல் பரீட்சையில் அந்தப் பாடம் மட்டும் காலை வாரிவிட்டிருந்தது.

எக்ஸலண்ட் என்ற ஒரு சொல்லுக்கும் அதன் சொந்தபந்தங்களுக்கும் அங்கே மாஸ்டர் ஒரு வகுப்பு முழுவதையும் கொடுத்தார். பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் சுப்பர்ப். சரக்குக்கு ஃபர்ஸ்ட் ரேட். கூட்டத்தில் ஒருத்தி மட்டும் தனித்துத் தெரிந்தால் அவுட்ஸ்டாண்டிங். ஃபைன் என்பதை வானத்துக்கும் சொல்லலாம், மனுஷருக்கும் சொல்லலாம், ஆனால் அது கொஞ்சம் இளைத்த சொல். எக்ஸலண்ட் இருப்பது உச்சியில். அதற்கு முன்னால் வெரி போட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "உச்சியில இருக்கிறத இன்னும் எங்க புள்ள தூக்குற?" என்பார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக என் அண்ணன் மகனுக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுவிடாமல் பொருந்தின.

எல்லாம் மனதுக்குள்தான். வெளியே சொன்னால் அண்ணி என்னை வீட்டில் வைத்திருக்கமாட்டார். அவருடைய முதல் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. லயமே தூக்கிக் கொஞ்சியது. அது தவழ ஆரம்பித்த மாதத்தில் காய்ச்சல் வந்து செத்துப்போனது. கண்பட்டுத்தான் போனது என்று அண்ணி முடிவுகட்டிவிட்டார். இரண்டாவது மகன் பிறந்ததும் கண்படாமலிருக்க அவனைக் குப்பைமேட்டில் கிடத்தி, பக்கத்து வீட்டு அக்கா "யாரோ போட்டுட்டுப் போன புள்ள" என்று எடுத்துவந்து கொடுக்க, அண்ணி வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அண்ணி வாயில் அவன் நோஞ்சான். முதல் பிறந்தநாளுக்கு முன்பே சுவரைப் பிடிக்காமல் நடந்தவன் நோஞ்சான். என் கம்மலைப் பிடித்தால் காதை அறுக்காமல் விடமாட்டான், அவனும் நோஞ்சான். யாராவது அவனைப் பார்த்தாலே அண்ணி முந்திக்கொண்டு, "எங்க, பாலே குடிக்க மாட்டேங்குது, நிக்கக்கூட தெம்பில்ல" என்பார். நானும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவேன். எனக்கும் கண்ணூறு என்றால் பயம். படித்தால் போய்விடும் என்கிறார்கள், எனக்குப் போகவில்லை.

ஒருநாள் சாயங்காலம் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியவன், மறுநாள் பிள்ளைக்காம்பராவில் தலையைத் தூக்கவில்லை. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா ஆளனுப்பினார். பால் வெட்டிக்கொண்டிருந்த அண்ணி வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். அண்ணன் கொழும்பில் கடைவேலையில் இருந்ததால், நானும் அண்ணியும்தான் கொட்டும் மழையில் த்ரீவீல் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளையின் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கூப்பிட்டால் கண் திறந்து எங்களைத் தாண்டி எதையோ பார்த்தான்.

டொக்டர் அறைக்குள்ளேயே வரிசை நின்றது. எல்லாக் கண்ணும் பிள்ளை மேல். எவ்வளவு நாளாக இப்படி என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். அண்ணி அந்தக் கண்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஹெமதாம மெஹெமய், தொஸ்தர மாத்தயா."

எப்போதும் இப்படித்தான் ஐயா என்றார். பால் குடிக்கமாட்டான், நிற்கமாட்டான், பிறந்ததிலிருந்தே தெம்பில்லை என்று அச்சுப்பிசகாமல் சொன்னார். டொக்டர் பிள்ளையின் கையைத் தூக்கி, விட்டுப் பார்த்தார். அது துணி மாதிரி விழுந்தது. அவர் பாவமாகத் தலையாட்டினார். காய்ச்சலுக்குக் குடிக்கப் பாணி மருந்து, அடுத்த கிழமை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கான கிளினிக் என்றார். அம்மா சொல்வதை நம்பாமல் வேறு யார் சொல்வதை அவர் நம்புவார்?

நேற்றுவரை ஓடியவன் என்பது எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாவான். இத்தனை பேர் முன்னால் சொன்னால் சொன்னதாலேயே செத்துப்போவானோ என்றும் பயம். தமிழில் வாய் திறந்தால் அண்ணிக்குப் புரியும். சிங்களம் அவருக்கு என்னைவிட நன்றாக வரும். மிச்சம் இருந்தது ஒரே பாஷை. கண்ணூறுக்கும் அந்தப் பாஷை தெரியாது என்று அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், அப்படித்தான் நினைத்தேன்.

"டொக்டர், ஹி இஸ் எக்ஸலண்ட்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

"எஸ்டடே எக்ஸலண்ட். வோக்கிங், ரன்னிங். ஃபர்ஸ்ட் ரேட் பேபி, டொக்டர். சுப்பர்ப். அவுட்ஸ்டாண்டிங். வெரி வெரி எக்ஸலண்ட்."

சாப்பாட்டுக்குச் சொல்வதும் சரக்குக்குச் சொல்வதும் எல்லாம் கலந்து வந்தன. கடைசிச் சொல் அழுகையாகத்தான் வந்தது. நேற்று ஓடினானா என்று அவர் இங்கிலீஷில் கேட்டார். எஸ், எஸ் என்றேன். உடனே அவர் பிள்ளையின் பிடரிக்குக் கீழே கையைக் கொடுத்துத் தலையை முன்னால் வளைத்துப் பார்த்தார். கழுத்து மடங்கவில்லை. அவன் வீறிட்டான். டொக்டர் நர்ஸைக் கத்திக் கூப்பிட்டார். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"என்னா சொன்ன அவர்கிட்ட?" என்றார் அண்ணி.

"காய்ச்சல் கூடன்னு சொன்னேன் அண்ணி."

அடுத்து வந்த நாட்களில் நான் சோற்றைத் தொட்டதாக ஞாபகமில்லை. வார்டு வாசலில் நர்ஸின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவேன். அவன் போய்விட்டால் நோய் கொன்றதா என் நாக்கு கொன்றதா என்று யாரிடம் கேட்பேன்? அண்ணியின் முகத்தைப் பார்க்கவே பயந்து ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

அவன் பிழைத்தான். கண் தெளிந்து, பாலுக்கு அழுது, ஊசிக்குழாயைப் பிடுங்கப் பார்த்தான். அன்றைக்கு வார்டு சுற்றி வந்த டொக்டர் என்னைக் காட்டி அண்ணியிடம் சிங்களத்தில் சொன்னார். இந்தத் தங்கச்சி உங்கள் பிள்ளையைப் பற்றி அப்படிப் புகழ்ந்திருக்காவிட்டால் நான் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்றார்.

அண்ணியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அண்ணி என்னைப் பார்த்தார்.

"புகழ்ந்தியா?"

"ஆமா அண்ணி."

"எல்லார் முன்னாலயுமா?"

"இங்கிலீஷ்ல."

அவர் வார்டைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளையை மடியில் இருத்தி, அவனுடைய இரண்டு காதுகளையும் தன் உள்ளங்கைகளால் இறுக்கிப் பொத்தினார். பிறகு என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்.

"மெதுவா, தமிழ்ல சொல்லு," என்றார். "ஒண்ணுவிடாம சொல்லு."