பெருக்கமரத்தடியில் முள் எடுத்தவன்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பித் தேநீர் போடப் போகிற ஆள் நான். பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் எங்கள் பெண்கள் அப்படிக் கதைக்கும்போது நான் கோப்பை கழுவிக்கொண்டு நிற்பேன். நம்பிக்கையும் இல்லை, நேரமும் இல்லை. இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்த நாளிலிருந்து வயதானவர்களைத் தூக்கி இருத்தி, குளிக்க வார்த்து, ஊட்டிவிடுகிறேன், என் கையிலேயே சிலர் கண்மூடியும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து ஒரு நன்றி சொன்னதில்லை. ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் கோபிக்கமாட்டேன், நானே அரைவாசிதான் நம்புகிறேன்.

லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கும் சின்யோராவுக்கு, அதுதான் வீட்டுக்கார அம்மாவுக்கு, எண்பது தாண்டிவிட்டது. முழங்கால் போய்விட்டது, ஒரு காது கேட்காது, ஆனால் கண்ணில் வெண்படலம் எடுத்த பிறகு எதிர் மாடியில் காயும் துணியில் பொத்தான் இல்லாததைக்கூடச் சொல்லுவார். அறிவும் நல்ல தெளிவு. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு கிழவிக்குத் தடுமாற்றம் என்று சொல்லித் தப்பப் பார்க்காதீர்கள்.

அவரும் கணவரும் வருடா வருடம் ஆபிரிக்காவுக்குப் போனவர்கள். மற்றவர்கள் சிங்கம் பார்க்கப் போக, இவர்கள் பறவை பார்க்கப் போவார்களாம். அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. இரண்டு பேரும் கண்டால்தான் கண்டது, ஒருவர் மட்டும் கண்டால் அது கணக்கில் இல்லை. கணவர் இறந்ததும் அவருடைய பைனாகுலர் என் கழுத்துக்கு வந்தது. சமைத்துத் துடைத்து முடிந்து காலை நீட்டலாம் என்று இருந்தால், பல்கனிக்கு வா என்பார். நானும் போய் நின்று, கண்டதும் “புறா” என்பேன். ஏச்சு விழும். பெயரை முதலில் சொல்லாதே, காலில் தொடங்கு, கால் என்ன நிறம், உடம்பு எப்படி, என்ன செய்கிறது, தலை கடைசியில். தலையில் தொடங்கினால் பெயர் உடனே வாயில் வந்துவிடும், பெயர் வந்துவிட்டால் பிறகு நீ ஒன்றையும் பார்க்கமாட்டாய் என்பார். புறாவுக்கு எதற்கு இத்தனை பாடு என்று நினைத்துக்கொள்வேன்.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான். எங்கள் ஊர்ப் போரின் கடைசிச் சண்டையில் சனத்தோடு சனமாகப் போனவன், இன்றுவரை தகவல் இல்லை. செத்தான் என்று சொன்னவரும் இல்லை, உயிரோடு கண்டவரும் இல்லை. அவன் மனைவி மன்னாரில் தாலியைக் கழற்றாமல் தையல் தைத்துப் பிள்ளையை வளர்த்தாள். அந்தப் பிள்ளைக்குத்தான் போன வருடம் கல்யாணம் பொருந்தியது. எல்லாம் சரி, அழைப்பிதழில் வந்து நின்றது. மணமகளின் தகப்பன் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடுவதா, விடுவதா? அச்சகக்காரன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

“போட்டா நானே அவரைச் சாக்காட்டினமாதிரிக் கிடக்கு மச்சாள்,” என்று போனில் சொன்னாள். “போடாட்டி ஆள் எங்கையெண்டு சம்மந்தி வீட்டுக்காரர் கேப்பினம். நீங்கள் அவரோடை கூடப்பிறந்தனீங்கள், நீங்களே சொல்லுங்கோ.”

யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன். அதுவரை அவனுக்கு மரித்தோர் பூசை வைக்கவே நான் சம்மதித்ததில்லை, பிறகு எப்படி அச்சடிக்கச் சொல்வது?

அந்த நேரம் பார்த்துத்தான் சின்யோராவுக்குக் கடைசியாக ஒருமுறை தன்சானியா போகவேண்டும் என்று பிடிவாதம் வந்தது. மிலானோவில் இருக்கும் மகன் குதித்தார், பிறகு நான் கூடப் போவதென்றால் சரி என்று இறங்கினார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குகிற அனுமதி, அப்போதுதான் புதுப்பித்துக் கையில் இருந்தது, அதனால் தடையும் இல்லை. சபாரி என்றால் விடுமுறை என்று நினைக்கிறீர்கள், எனக்கு அது லிபெர்த்தாவில் செய்யும் அதே வேலை, அதோடு தூசியும். விடியமுன் எழும்பி, மருந்து கொடுத்து, ஜீப்பில் ஏற்றி, குலுங்கக் குலுங்க இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். யானை வந்தது, ஒட்டகச்சிவிங்கி வந்தது, எல்லாரும் வாயைப் பிளந்தார்கள், நான் எப்போது கூடாரத்துக்குத் திரும்புவோம் என்று பார்த்தேன். அவ்வளவு களைப்பு.

ஆனால் ஒன்று என்னை உலுக்கியது. அங்கே எங்கு பார்த்தாலும் பெருக்கமரம். எங்கள் மன்னாரில் நிற்கிறதே, யானை இருந்தமாதிரி அடி பெருத்து, இலையில்லாமல் கிளை விரித்து, அதே மரம். பழைய காலத்தில் அரபு வியாபாரிகள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள், நான் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. பக்கத்தில் உடைமரம், கீழே வெள்ளை முள். கடல் காற்று மட்டும்தான் இல்லை. எங்கள் வீட்டுக்குப் போகிற பாதையில் ஜீப் போகிறமாதிரி இருந்தது.

நாலு மணி வெயிலில் அப்படி ஒரு மரத்துக்கு எதிரே நிறுத்தினோம். மரத்தில் பஞ்சுருட்டான் குருவிகள் கூட்டமாக இருந்தன. எங்கள் சாரதியின் பெயர் ஜூமா, நல்ல மனிதன், இத்தாலியன் கதைப்பான். அங்கே சட்டம் ஒன்றுதான், ஜீப்பை விட்டு ஒருவரும் இறங்கக்கூடாது, சுற்றிவரச் சிங்கம். சின்யோரா பைனாகுலரைத் தூக்கினார். பிறகு, பறவையைச் சொல்கிற அதே குரலில், பதற்றமே இல்லாமல் சொல்லத் தொடங்கினார்.

“மரத்துக்கு இடப்பக்கம், வேரோடு. ஒற்றைக்காலில் நிற்கிறது. மெல்லிய கால், கறுப்பு, தூசி படிந்திருக்கிறது. மற்றக் கால் மடித்திருக்கிறது. சாரம் கட்டிய ஆள். கையில் செருப்பு. செருப்பின் அடியை வாய்க்குக் கொண்டுபோகிறான். பல்லால் எதையோ கடித்து இழுக்கிறான்.”

நீங்கள் என் முகத்தைப் பார்க்காதீர்கள், கேளுங்கள். உலகத்தில் செருப்பில் ஏறிய முள்ளைப் பல்லால் கடித்து எடுக்கிற ஆளை நான் ஒருவனைத்தான் கண்டிருக்கிறேன். கொக்குமாதிரி ஒற்றைக்காலில் நின்று எடுப்பான், அசிங்கம் பிடித்தவனே என்று அம்மா அகப்பைக் காம்பால் அடிப்பார், அடுத்த நாளும் அதையேதான் செய்வான். இதை நான் சின்யோராவுக்குச் சொன்னதில்லை. தம்பி ஒருவன் இருந்தான் என்பதையே சொன்னதில்லை, வேலை செய்யும் வீட்டில் இதையெல்லாம் எதற்குச் சொல்வது?

போதும் என்று கத்தி, என் கழுத்தில் இருந்ததை மறந்து, அவர் கையிலிருந்ததைப் பறித்துப் பார்த்தேன். மரம், வேர், தூசி, பறவை. ஜூமாவும் பார்த்தான், எழும்பி நின்று மற்றப் பக்கமும் பார்த்தான், அங்கே மனிதர் நிற்க வழியே இல்லை என்றான். சின்யோரா என்னைப் பார்த்தார். “நீ காணவில்லையா? அப்படியென்றால் கணக்கில் இல்லை,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

அவருக்குக் கணக்கில் இல்லை. எனக்கு அதற்கு மேல் என்ன கணக்கு வேண்டும்? செத்தவன்தான் அப்படி வருவான், அதுவும் நம்முடைய மரத்தைத் தேடிப்பிடித்து வந்திருக்கிறான், அக்காவிடம் சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறான் என்று நினைத்தேன். இத்தனை வருடமும் வராத அழுகை அங்கே வந்தது, ஜீப்புக்குள்ளேயே வாய்விட்டு அழுதேன். அன்றே கூடாரத்திலிருந்து மன்னாருக்குப் போன் எடுத்தேன்.

“போடச் சொல்லுங்கோ மச்சாள்,” என்றேன். “பூசையும் வையுங்கோ.”

அவள் அழவில்லை. “உங்களுக்கு வடிவாத் தெரியுமோ?” என்று மட்டும் கேட்டாள்.

“ஓம்,” என்றேன்.

பூசை வைத்தார்கள். தாலியைக் கழற்றி மடு மாதா கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டாள். அழைப்பிதழ் அச்சாகி எனக்கும் ஒன்று தபாலில் வந்தது, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தேன். கல்யாணமும் நல்லபடி முடிந்தது. எனக்கு நிம்மதி என்றுகூடச் சொல்லலாம், நன்றாக நித்திரை வந்தது.

பிறகு ஒரு நாள் பின்னேரம் சின்யோராவை நகரத்தின் கால்சாப் பகுதிக்குக் கூட்டிப்போனேன். அங்கே தோட்டத்தில் விழுது விட்ட பெரிய மரம் ஒன்று நிற்கிறது, நம் ஆலமரத்தின் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போட்டிருந்த வாங்குப் பலகையில் இருந்தோம். விழுதுக்குக் கீழே ஒரு பறவை நடந்தது. அவர் வழக்கம்போலக் காலில் தொடங்கினார். கறுப்புக் கால், கறுப்பு உடம்பு, குப்பையைக் கிளறுகிறது. நான் காகம் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

“இப்போது தலை,” என்றார். “பிடரி நரைத்திருக்கிறது. உன்னுடைய அந்த ஆளைப்போல.”

எந்த ஆள் என்றேன்.

“ஆபிரிக்காவில் செருப்பைக் கடித்தவன். அன்றைக்கு நீ என்னைத் தலைக்கு வரவிடவில்லையே. பிடரியெல்லாம் நரை, தாடியும் வெள்ளை. நாற்பது தாண்டியிருக்கும்.”

நான் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். தம்பி காணாமல் போனபோது அவன் தலையில் ஒரு வெள்ளை மயிர் இல்லை. அப்பாவுக்கு இளநரை, அவனுக்கும் வரும் என்று நாங்கள் கேலி செய்வோம், அவ்வளவுதான். இன்றைக்கு இருந்தால் அவனுக்கு நாற்பது தாண்டியிருக்கும். செத்தவர்களுக்கு நரைக்குமா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்.

சின்யோராவிடம் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன், அவர் ஒரு சொல்லும் மாற்றவில்லை. மச்சாளிடம் சொல்லவில்லை, சொல்லி என்ன செய்ய, தாலி மடுவில் இருக்கிறது. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறாள், மருமகன் நல்ல பிள்ளை என்கிறாள், அவர் இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்கிறாள். நான் ஓம் ஓம் என்கிறேன். எதிரே குளிர்சாதனப் பெட்டியில் அந்த அழைப்பிதழ், அதில் அவன் பெயர், பெயருக்கு முன்னால் நான் போடச் சொன்ன சொல். வியா மக்வேதா தெருவில் சனத்துக்குள் நடக்கும்போது முன்னால் பிடரி நரைத்த கறுத்த ஆள் யாராவது போனால் இப்போது நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதலில் அவர் செருப்பைப் பார்க்கிறேன்.