மகா ஓயாவில் நின்ற லொறி

என் வாப்பாவின் குரலை நான் அதிகம் கேட்டது ஆறு இலக்கங்களாகத்தான். மற்றப் பிள்ளைகளின் வாப்பாமார் ஏசினார்கள், பாடம் கேட்டார்கள், பெருநாளைக்கு என்ன உடுப்பு வேண்டும் என்று விசாரித்தார்கள். என் வாப்பா "நாலு, ஒண்டு, ஒன்பது, மூண்டு, சைபர், ரெண்டு" என்று வாசித்தார். அதுவும் எனக்கு அல்ல, உம்மாவுக்கு. நான் மாமாவின் அலுவலகத்தில், அந்தக் கந்தோர் வாங்கில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு ஒட்டுக்கேட்டேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். ஆகவே புருஷன் பெண்சாதிக்குள் சண்டை என்றால் பெட்டி கட்டுகிறவர் புருஷன்தான். எனக்கு எட்டு வயதிருக்கும்போது வாப்பா ஒரு பையையும் தன் தலையணையையும் எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார். என்ன சண்டை என்று அப்போதும் தெரியாது, இப்போதும் முழுதாகத் தெரியாது. அவர் ஏதோ சொல்லியிருக்கிறார். உம்மா அதை மறக்கவில்லை, அவரும் அதைத் திருப்பி எடுக்கவில்லை. தலாக்கும் இல்லை, சேர்ந்து வாழ்வதும் இல்லை. யாராவது கேட்டால் "வாப்பா கொழும்பில வேலை" என்று சொல்ல என்னைப் பழக்கியிருந்தார்கள். அது பொய்யும் அல்ல.

அந்த வேலையைக் கொடுத்தவர் மாமா, உம்மா காக்கா என்று கூப்பிடும் அவருடைய அண்ணன். தொடுதிரைக் கைபேசிகள் ஊர்க் கடைகளை நிறைக்கத் தொடங்கியிருந்த காலம். கொழும்பிலிருந்து அவற்றை லொறியில் கொண்டுவந்து கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள கடைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அவர் தொழில். ஒரு லொறிச் சாமான் எங்கள் தெருவையே விலைக்கு வாங்கும் என்பார். ஒருமுறை அப்படியொரு லொறி வந்து சேர்ந்து பெட்டிகளைத் திறந்தால், பாதிப் பெட்டிகளில் சவர்க்காரக் கட்டிகள் இருந்தன. நிறை மாறாமல் கணக்காக அடுக்கியிருந்தார்கள். கதவில் சீல் இருந்தது. ஆனால் அது கொழும்பில் போட்ட சீல்தானா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டில் யாரும் சவர்க்காரம் வாங்கவில்லை. மாமாவுக்கு மட்டும் அந்த மணம் வந்தால் தலை சுற்றும்.

அதற்குப் பிறகு மாமா பழைய சாரதியை அனுப்பிவிட்டு வாப்பாவைத் தேடிப் பிடித்தார். "மச்சானுக்கு வாய்தான் நீளம், கை நீளமில்ல" என்பது அவர் கொடுத்த நற்சான்றிதழ். கூடவே ஒரு சட்டமும் போட்டார். கொழும்பில் சாமான் ஏற்றுகிறவர் கதவைப் பூட்டி, பிளாஸ்டிக் சீல் ஒன்றைக் கொழுவி, அதில் அச்சிட்டிருக்கும் நம்பரைக் கல்முனைக் கந்தோருக்கு அறிவிக்க வேண்டும். வழியில் குறித்த சில இடங்களில் லொறி நிற்கும்போது சாரதி இறங்கிப் போய்ச் சீலைப் பார்த்து அந்த நம்பரைத் தொலைபேசியில் வாசிக்க வேண்டும். கந்தோரில் இருக்கிறவர் கொப்பியில் எழுதி வைத்த நம்பரோடு அதை ஒப்பிட வேண்டும். சீலை வெட்டாமல் கதவு திறக்காது, வெட்டினால் அது திரும்பப் பொருந்தாது. ஒரு இலக்கம் மாறினாலும் லொறி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

இன்று நானும் கொழும்பில் இதே தொழிலில் இருப்பதால், அந்தச் சட்டத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. களவெடுக்கிற சாரதி பழைய நம்பரையே வாசித்துவிட்டுப் போய்விடுவான். மாமாவுக்கும் அது தெரியாமல் இல்லை. அதனால்தான் கந்தோர்க் கதிரையில் உம்மாவைக் கொண்டுவந்து இருத்தினார்.

"அவர் பொய் சொன்னா உனக்குத்தான் புடிபடும். அவர்ர குரல் உனக்குத் தெரியும்தானே" என்றார்.

உம்மா ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு ஓம் என்றார்.

செவ்வாயும் வியாழனும் லொறி வரும். அந்த நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் கந்தோருக்கு ஓடுவேன். பத்து ரூபாய் ஐஸ்பழத்துக்கும் நிற்கமாட்டேன். உம்மா எழுத வசதியாகத் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருப்பார்.

"பதியத்தலாவை" என்று நிற்கிற ஊரைச் சொல்லி வாப்பாவின் குரல் வரும். பிறகு ஆறு இலக்கங்கள்.

"சரி. எழுதிட்டன்."

 அந்தப் பக்கம் ஒரு பஸ் போகும்.

"இங்க மழை."

"ம்."

அவ்வளவுதான். வீட்டில் இருந்த காலத்தில் வாப்பா உம்மாவை வாய்க்கு வாய் "புள்ள" என்று கூப்பிடுவார். தொலைபேசியில் ஒருநாளும் அந்தச் சொல் வரவில்லை. மழை இல்லாவிட்டால் வெயில் என்பார், பதினெட்டு வளைவு மலைப்பாதையில் பனி என்பார். உம்மா அதையும் நேரத்துக்குப் பக்கத்தில் எழுதுவார். மழையும் வெயிலும் மாமாவின் சட்டத்தில் ஒரு பகுதி என்றே நான் நினைத்திருந்தேன்.

லொறி அம்பாறையைத் தாண்டியதும் உம்மா கந்தோரைப் பூட்டிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். வாப்பா வந்து சாமான் இறக்கும்போது நாங்கள் அங்கே இருக்கமாட்டோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாமா வீட்டில் அரை மணித்தியாலம் அவரைப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு. அங்கே அவர் பாடசாலைப் பரிசோதகர் மாதிரி "நல்லாப் படிக்கிறியா" என்று கேட்பார், ஒரு டொபி பக்கெட் தருவார், பிறகு கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த ஆளை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. எனக்கு வேண்டியது தொலைபேசியில் வருகிற வாப்பா.

ஒருநாள் பதியத்தலாவையில் லைன் விட்டுவிட்டு வந்தது. உம்மா திருப்பி வாசிக்கச் சொன்னார். "கேக்குதா?" என்றார் அவர். "கேக்குது" என்றார் உம்மா. "இப்ப கேக்குதா?" "ஓம், இப்ப நல்லாக் கேக்குது." இப்படியே ஐந்து நிமிடம் போனது. உம்மா கடைசியில் சிரித்ததாகக்கூட எனக்கு ஞாபகம். நான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். நம்பர் சரிவந்தால் வாப்பா போய்விடுவார், சரிவராவிட்டால் நிற்பார்.

அடுத்த செவ்வாய் உம்மா மதிய லுஹர் தொழ உள்ளே போன நேரம் கொப்பி மேசையில் திறந்து கிடந்தது. நான் பள்ளிக்கூடப் பேனையை எடுத்து, காலையில் ஒரே ஒரு தரம் எழுதியிருந்த நம்பரின் மூன்றை எட்டாக்கினேன்; மற்ற அழைப்புகளுக்கு உம்மா நம்பரைத் திரும்ப எழுதுவதில்லை. இரண்டு வளைவு போட்டால் போதும். அதைவிடச் சுலபமான வேலையை நான் அதற்குப் பிறகு செய்ததில்லை.

அன்று பார்த்து மாமா கந்தோருக்கு வந்திருந்தார். மகா ஓயாவிலிருந்து அழைப்பு வந்தது. வாப்பா வாசித்தார். உம்மா கொப்பியைப் பார்த்தார்.

"திருப்பி வாசிங்க."

அவர் வாசித்தார். மூன்றாவது முறையும் வாசித்தார். எனக்குள் சந்தோஷம் பொங்கியது. மாமா எழுந்து வந்து கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"காலையிலேருந்து சரியாத்தான் வந்த, காக்கா" என்றார் உம்மா.

"அப்ப இடையில மாத்தியிருக்கு. வண்டிய நிப்பாட்டச் சொல்லு."

"ஏத்தினவர்ட்ட ஒருக்காக் கேளுங்க."

"அவனும் இவரும் ஒரே அறையில படுக்கிற ஆக்கள். அவன் என்ன சொல்லுவான்?" மாமா வான் சாவியை எடுத்தார். வாசலுக்குப் போனவர் திரும்பி நின்றார். "குரல் எப்பிடி இருந்த?"

"நேராத்தான் இருந்த" என்றார் உம்மா.

ஸ்பீக்கர் இன்னும் அணைக்கப்படவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வாப்பா, "நான் இங்கேயே நிக்கிறன், மச்சான். வந்து எண்ணுங்க" என்றார். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. என் சந்தோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை.

மாமா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். மகா ஓயாவில் தெருவோரம் லொறியைத் திறந்து, பெட்டி பெட்டியாக இறக்கி, ஒவ்வொன்றையும் பிரித்து எண்ணினார்களாம். தேத்தண்ணிக் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்களாம். வாப்பா கையைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றாராம். ஒரு கைபேசிகூடக் குறையவில்லை.

கந்தோரில் நாங்கள் இருவரும் இருந்தோம். உம்மா கொப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருடைய பேனை கறுப்பு, என்னுடையது நீலம். கொப்பியை மேசையில் வைத்தார், என்னைப் பார்த்தார். அடி விழும் என்று நான் கண்ணை மூடினேன். அடி விழவில்லை. ஒரு கேள்விகூட வரவில்லை. கறுப்புப் பேனையால் அந்த எட்டின் மேல் இன்னொரு தரம் எழுதினார், அவ்வளவுதான். பிறகு மாமாவுக்குத் தொலைபேசி எடுத்து, "காக்கா, நான்தான் பிழையா எழுதிட்டன். அவர்ல ஒண்டுமில்ல" என்றார்.

அன்று உம்மா கந்தோரைப் பூட்டவில்லை. இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு லொறி வந்தது. வாப்பா கந்தோர் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. சட்டை முழுக்கப் புழுதி.

"நான்தான் பிழையா எழுதின" என்று உம்மா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வாப்பா சட்டைப் புழுதியைத் தட்டினார். "நீ பிழையா எழுதுற ஆளில்ல, புள்ள" என்றார்.

அந்தச் சொல்லை நான் கேட்டேன். உம்மாவும் கேட்டார், முந்தானையைச் சரி செய்தார். ஒரு வார்த்தை அந்தப் பக்கத்திலிருந்தோ இந்தப் பக்கத்திலிருந்தோ வந்திருந்தால் போதும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். அதற்குள் மாமா உள்ளே வந்துவிட்டார். மனுஷர் வாசிப்பதிலும் எழுதுவதிலும் நம்பி வேலையில்லை, இனி மெஷின்தான் என்றார்.

மெஷின் என்பது சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதை லொறிக்குள் எங்கேயோ மறைத்துப் பூட்டினார்கள். லொறி எங்கே நிற்கிறது, கதவு எப்போது திறக்கிறது என்பதெல்லாம் கந்தோர்க் கணினியில் தெரியும். இனி யாரும் யாருக்கும் அழைப்பு எடுக்கத் தேவையில்லை என்று மாமா இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டார்.

வாப்பா அடுத்த வருடம் கட்டாருக்கு லொறி ஓட்டப் போனார், இன்னும் அங்கேதான். வாரத்துக்கு ஒருமுறை என்னோடு கதைப்பார். "உம்மா சுகமா?" என்பார். சுகம் என்பேன். உம்மாவும் "அவர் சுகமாமா?" என்பார். அதற்கும் சுகம் என்பேன். நான் செய்ததை இன்றுவரை இருவரிடமும் சொல்லவில்லை.

போன நோன்பில் மாமாவிடம், அந்தக் காலத்தில் மழையை ஏன் அறிவிக்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "மழையா? பூட்டின பெட்டிக்குள்ள மழை என்ன செய்யும்?" என்றார். அவர் கேட்டதெல்லாம் ஒரு நாளைக்கு மூன்று அழைப்புத்தானாம்: புறப்படும்போது ஒன்று, மஹியங்கனையில் ஒன்று, அம்பாறையில் ஒன்று. உம்மாவின் கொப்பி இப்போதும் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். லொறி வந்த ஒவ்வொரு நாளும் ஒன்பது அழைப்புகள் இருந்தன. பதியத்தலாவையும் மகா ஓயாவும் சட்டத்தில் இல்லாதவை.

மெஷின் வந்த முதல் நாள் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தபோது திரையில் ஒரு பச்சைப் புள்ளி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. அதுதான் வாப்பா என்றார் மாமா. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் களவு இப்படி நன்மையில் முடியும் என்று யார் கண்டது? இனி பகல் முழுக்க வாப்பா எங்களோடுதான். உம்மா தன் கதிரையில் இருந்தார். கொப்பியில் அன்றைய திகதி போட்டுக் கோடும் அடித்திருந்தார். பக்கத்தில் தொலைபேசி சும்மா கிடந்தது.

மகா ஓயாவுக்கு வந்ததும் புள்ளி நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அசையவேயில்லை.

"உம்மா, இங்க பாருங்க. வாப்பா மகா ஓயாவில நிக்கிறார்."

உம்மா எழுந்து வந்து திரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அங்க மழையா?" என்று கேட்டார்.

நான் திரை முழுக்கத் தேடினேன். "அது இதில காட்டாது, உம்மா."

"ம்" என்றார் உம்மா. போய்க் கொப்பியை மூடி மேசை லாச்சிக்குள் வைத்தார். இவ்வளவு பெரிய மெஷின் வந்தும், வாப்பா நிற்கிற இடத்தையே காட்டியும், ஒரு மழை தெரியவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரே என்று எனக்கு உம்மா மேல் கோபம் வந்தது.