பிறந்த வீட்டுக்குத் திரும்பிய சேலைகள்

பட்டுச்சேலையைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார்கள். தொட்டுப் பார்க்க முடியாத தூரத்தில் இருப்பவர்களுக்கு அதை விற்பதுதான் என் வேலை. நீங்களும் ஏதாவது ஒரு கடையின் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "இதே கலர்தான் மேடம், நம்பி வாங்குங்க மேடம்" என்று காலையிலிருந்து தட்டிக்கொண்டிருப்பவராக இருந்தால், நாம் ஒரே பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள். கொஞ்சம் தள்ளி எனக்கும் இடம் கொடுங்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் கடை. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனது நான்தான். பி.காம். முடித்துவிட்டு ஆவணி மாதம் இங்கே சேர்ந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன், பக்கத்தில் திரும்பி வரும் பார்சல்களை வைக்க மூன்று அடுக்குள்ள ஓர் இரும்புத் தட்டு. முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்: "தை பொறக்குற வரைக்கும் பார்ப்போம் மா. போற சேலையெல்லாம் திரும்பி வந்துக்கினே இருந்தா இந்த ஆன்லைனை மூடிடலாம்." ஆன்லைனை மூடினால் அதற்காகவே சேர்த்த என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஊர் முசரவாக்கத்தில் அம்மா அதற்குள், பெண்ணுக்குப் பட்டுக்கடையில் ஆபீஸ் வேலை என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். தை என்ற வார்த்தையையே நான் வீட்டில் எடுக்கவில்லை.

டியூப்லைட் பச்சை

நான் முதலில் விற்றது ஒரு மயில்கழுத்து நிறச் சேலை. நீளவாட்டு இழையான பாவு நீலம், குறுக்கு இழையான ஊடை பச்சை. அசைத்தால் ஒரு நிறம், அசையாவிட்டால் ஒரு நிறம். எனக்கு அது அப்போது தெரியாது. மேஜைமேல் தட்டையாக விரித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துப் போட்டேன். போட்டோவில் அது அப்பாவியான பச்சை. மதுரையிலிருந்து ஒரு டீச்சர் வாங்கினார். எட்டாம் நாள் சேலை திரும்பி வந்தது. உள்ளே ஒரு சீட்டு: "நான் கேட்டது பச்சை. வந்தது பச்சையா நீலமா என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இரண்டு நாளாகச் சண்டை. சமாதானத்துக்காகத் திருப்பி அனுப்புகிறேன்."

கடைக்கு வருகிறவர்கள் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பார்ப்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது ஏதோ பழக்கம் என்று நினைத்தேனே தவிர, காரணம் இருக்கும் என்று தோன்றவில்லை. அன்றிலிருந்து நானும் வாசலில் நின்று, சேலையை அசைத்து அசைத்து வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். படத்தின் ஓரத்தில் வாடிக்கையாளர்களின் செருப்பெல்லாம் தெரியும். பரவாயில்லை, நிறம் சரியாகத் தெரிந்தது.

திரும்பி வந்த அந்தச் சேலையை இரும்புத் தட்டில் வைத்தவர் ஏகாம்பரம் அண்ணன், எங்கள் கடையின் மூத்த சேல்ஸ்மேன். என் போனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவருடைய வாடிக்கையாளர்களை அது விழுங்குகிறதாம். பார்சலைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்துவிட்டு, எனக்குக் கேட்கும்படி அதனிடம் விசாரித்தார்: "இன்னாமா, அதுக்குள்ள பொறந்த வீட்டுக்கு வந்துட்டியா?"

பக்கத்து ஊர் வாடிக்கையாளர்

ஒருவர் பதினோரு சேலைகளுக்கு வீடியோ கேட்டார். பார்டரைக் கிட்டத்தில் காட்டு, மடிப்பைப் பிரித்துக் காட்டு, ஜாக்கெட் துணியைத் தனியாகக் காட்டு என்று மூன்று நாள் போனது. பிறகு முகவரி அனுப்பினார். பார்த்தால் திருப்பருத்திக்குன்றம். எங்கள் கடையிலிருந்து ஆட்டோவில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். எனக்குப் பயம் வந்துவிட்டது. இவ்வளவு கேட்கிறவர் கட்டாயம் திருப்பி அனுப்புவார், தட்டில் இன்னொரு பார்சல் ஏறும். போன் செய்து, "அக்கா, இவ்ளோ பக்கத்துலதான் இருக்கீங்க, நேர்லயே வந்து பார்த்துடுங்களேன்" என்றேன். அவருக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டாலும், உண்மையில் எனக்கு நல்லது என்றுதான் சொன்னேன்.

அவர் சிரித்தார். அவர் எடுத்த சேலை இன்றுவரை திரும்பி வரவில்லை, அவர் சொன்னதுதான் அடிக்கடி என் நினைவுக்குத் திரும்பி வருகிறது: "வந்தா நீங்க இருபது சேலையைப் பிரிச்சுப் போட்டு, காபி வாங்கிக் குடுத்து, உட்கார வெச்சுடுவீங்க. அப்புறம் வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வராது மா. போன்ல வேணாம்னு சொல்றது எவ்ளோ நிம்மதியா இருக்குது தெரியுமா?"

மீசை வைத்த மாடல்

ஐப்பசியில் ஒரு கல்யாண வீட்டார் வீடியோ காலில் வந்தார்கள். பெண் பெங்களூரில், அம்மா வேலூரில், அத்தை சிங்கப்பூரில். முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்கள் ஒரு வேனில் வந்து இறங்குவார்கள். இப்போது மூன்று கட்டங்களாகத் திரையில் உட்கார்ந்திருந்தார்கள். "தரையில விரிச்சுக் காட்டினா எப்படித் தெரியும்? யாராவது மேல போட்டுக் காட்டுங்க" என்றார் அத்தை. போனை ஸ்டாண்டில் வைத்துவிட்டுச் சுடிதார் மேல் சேலையைச் சுற்ற ஆரம்பித்தேன். கொசுவம் மடிப்பு ஒவ்வொன்றும் ஒவ்வோர் அகலத்தில் வந்தது. முந்தி தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது.

எதிர்ப் பக்கம் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் அண்ணனால் தாங்க முடியவில்லை. என் போன்மேல் இருந்த கோபத்தைவிடச் சேலை கசங்கும் கோபம் பெரிதாகிவிட்டது. "குடு மா இங்க" என்று பிடுங்கினார். கடையில் தினமும் செய்வதுதான்: வெள்ளைச் சட்டைமேல் ஒரு சுற்று, விரல்களில் நாலு மடிப்பு, தோளில் முந்தி. நான் ஒரு தும்மல் தும்மியிருந்தால் முழுவதையும் தவறவிட்டிருப்பேன். அண்ணன் லேசாகத் திரும்பி நின்று முந்தியின் ஜரிகையைக் காட்டினார். சிங்கப்பூர் அத்தைதான் தீர்ப்புச் சொன்னார்: "மீசை மட்டும் கொஞ்சம் இடிக்குது, மத்தபடி சேலை ரொம்ப நல்லா இருக்கு, இதையே அனுப்புங்க."

வெள்ளிக்கிழமை பத்தரை

அதற்குப் பிறகு அண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வர ஆரம்பித்தார். நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கும்பகோணத்திலிருந்து கூரியர்காரர் போன் செய்தார். முகூர்த்தச் சேலையோடு வாசலில் நிற்கிறாராம், வீட்டார் கதவைத் திறந்து சிரிக்கிறார்களாம், பார்சலை மட்டும் வாங்க மாட்டேன் என்கிறார்களாம். அடுத்த பார்சல் திரும்பி வரப்போகிறது என்று தட்டில் இடம் ஒதுக்கிவிட்டேன். போனை அந்த வீட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிப் பேசினேன். "ராகு காலம் மா. பன்னெண்டுக்கு மேல வாங்கிக்கிறேன். அவரை உட்கார வெச்சு மோர் குடுத்திருக்கேன்" என்றார். பன்னிரண்டு அடித்ததும் தட்டில் மஞ்சள் குங்குமத்தோடு வந்து வாங்கிக்கொண்டார்களாம். கூரியர்காரர் மறுபடி கூப்பிட்டு எனக்கு ஒரு யோசனை சொன்னார்: "இனிமே அட்ரஸுக்குக் கீழே நல்ல நேரத்தையும் எழுதி ஒட்டிடுங்க மேடம், வயித்துல இனிமே மோருக்கு இடம் இல்ல."

நடுவில் ஒரு கோடு

இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றிவந்தேன். சேலையின் உடல் ஒரு நிறம், முந்தி வேறு நிறம் என்றால், உடலின் பாவு முடியும் இடத்தில் முந்தியின் பாவை இழை இழையாகக் கையாலேயே சேர்ப்பார்கள். பிட்னி என்று அதற்குப் பெயர். சேர்த்த இடத்தில் கொஞ்சம் தடிப்பாக ஒரு கோடு விழும். கடையில் வாங்குகிறவர்களுக்கு அந்தக் கோட்டைத் தடவிக் காட்டித்தான் விற்பார்கள். நான் என்ன செய்தேன் என்றால், போட்டோவில் அது தழும்புபோலத் தெரிகிறதே, யாராவது கேள்வி கேட்பார்களே என்று பயந்து, கோட்டை உள்ளே மடித்து வைத்துப் படம் எடுத்தேன். வீடியோவிலும் அந்த இடம் வராமல் பார்த்துக்கொண்டேன். ஒரு சேலை, இரண்டு சேலை அல்ல. எல்லாச் சேலைக்கும் அப்படித்தான்.

மார்கழி பாதியில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மகள் கல்யாணத்துக்கு அரக்கு உடலும் பச்சை முந்தியுமாக வாங்கியவர். "ஏனுங்க, ரெண்டு சேலையை வெட்டி ஒட்டி அனுப்பியிருக்கீங்களே, இது நியாயமுங்களா? எங்கூரு டெய்லர்கிட்டயே காட்டிட்டேன். அவரும் ஒட்டுதான்னு சொல்லிட்டாருங்க" என்றார். சேலையைத் திருப்பி அனுப்பப் போவதாகவும், கடைப் பெயரைப் போட்டு எல்லா இடத்திலும் எழுதப் போவதாகவும் சொன்னார். தை பிறக்க இரண்டு வாரம் இருந்தது. முதலாளி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். ஏகாம்பரம் அண்ணன் பக்கத்தில் வந்து, "போட்டோவுல லைட் சரியா விழல, அதான் தெரியலன்னு சொல்லிடு மா" என்று காதில் சொன்னார். எனக்கு உதவத்தான் சொன்னார். ஆனால் மகள் கல்யாணத்துக்கு வாங்கியவரிடம் இரண்டாவது முறையும் மறைக்க என்னால் முடியவில்லை. "சார், அந்தக் கோடு தப்பு இல்லீங்க. அதை நான் மடிச்சு மறைச்சதுதான் தப்பு. பத்து நிமிஷம் குடுங்க, காட்டறேன்" என்றேன். அண்ணன், "அடுத்த தெருவுல நம்ம தறியில இன்னிக்கு முந்தி சேர்த்துக்கினு இருக்காங்க, ஓடு" என்றார்.

ஓடினேன். அங்கே கணவனும் மனைவியும் பாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, சிவப்பு இழையையும் பச்சை இழையையும் விரலால் திரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வீடியோ காலில் காட்டினேன். கோயம்புத்தூர்க்காரரின் மகள் போனை வாங்கி, "ஒவ்வொரு நூலாவா? எல்லாமே கையாலயா?" என்று கேட்டாள். நெசவாளர் மனைவி தலையைத் தூக்காமல், "ஆமா மா. நாள் பூரா இதான்" என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, "நீ கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது" என்று எனக்குச் சொன்னார். அந்தப் பக்கம் பார்சல் தாள் சரசரத்தது. மகள் சேலையை மறுபடி எடுத்து அந்தக் கோட்டைத் தடவிப் பார்ப்பது திரையில் தெரிந்தது. "அப்பா, இது இருக்கட்டும்ப்பா" என்றாள். அவர் போனைத் திரும்ப வாங்கி என்னிடம் கேட்டார்: "இதை முன்னாடியே காட்டியிருந்தீங்கன்னா நான் எதுக்குங்க அம்மணி அந்த டெய்லர்கிட்டப் போய் நிக்கிறேன்?"

கோடு எங்கே?

அன்று தறியில் எடுத்த வீடியோவை, முந்தி சேர்த்த சேலை கேட்பவர்களுக்கெல்லாம் முதலில் அனுப்பத் தொடங்கினேன். அதற்குக் கீழே, "இந்தக் கோடு இருக்கும். பிடிக்காவிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள்" என்று எழுதினேன். விற்பனை படுத்துவிடும் என்று பயந்துகொண்டேதான் எழுதினேன். நடந்தது வேறு. பத்தே நாளில் திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா கோபமாகப் பேசினார். அவர் வாங்கியது உடலும் முந்தியும் ஒரே நிறம். அதில் சேர்க்க வேண்டியதே இல்லை. ஆனால் தங்கைக்கு வந்த சேலையில் கோடு இருக்கிறதாம், தனக்கு மட்டும் இல்லையாம், என்ன ஏமாற்று இது என்றார். அண்ணன் போனை வாங்கிக் கால் மணி நேரம் பொறுமையாக விளக்கினார். போனை வைத்ததும் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்: "முன்னாடி ஏன் கோடு இருக்குதுன்னு கேட்டாங்க, இப்ப ஏன் இல்லைன்னு கேக்குறாங்க. உன் போன் என்னை நிம்மதியா இருக்கவே விடாது மா."

பொங்கலுக்குப் பிறகு

கரிநாள் முடிந்து கடை திறந்தார்கள். தை பிறந்துவிட்டது. வேலை இருக்கிறதா, இல்லையா என்று கேட்கத் தைரியம் இல்லாமல், வழக்கம்போல் வந்து உட்கார்ந்தேன். மார்கழி கடைசியில் திரும்பி வந்தது ஒரே ஒரு பார்சல், அதுவும் முகவரியில் கதவு எண் விட்டுப்போனதால். அதையும் மறுபடி அனுப்பியாகிவிட்டது. இரும்புத் தட்டு காலியாக இருந்ததால் என் டிபன் டப்பாவையும் குடையையும் அதில்தான் வைத்திருந்தேன். முதலாளி நேராக அங்கே வந்து நின்றார். தட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நான் எழுந்து நின்றேன். ஏகாம்பரம் அண்ணன் எதிர்ப் பக்கத்தில் ஒரே சேலையை மூன்றாவது முறை மடித்துக்கொண்டிருந்தார். முதலாளி சொன்னது இவ்வளவுதான்: "டப்பாவை மேஜைக்குள்ள வை மா. இன்னிமே நீ அனுப்புற பார்சலை இதுல அடுக்கு, கீழே கிடந்தா எலி கடிக்குது."

தொட்டுப் பார்க்காமல் வாங்குகிறவர்களிடம் எதையும் மடித்து மறைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள, எனக்கு ஒரு பி.காம். பட்டமும், ஐந்து மாதப் பயமும், மீசை வைத்த ஒரு மாடலும் தேவைப்பட்டிருக்கின்றன.