வசனம் எடுத்துக் கொடுத்தவள்

அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டாவது நாள்தான் விஷயம் வெளியே வந்தது. மாப்பிள்ளைக்குப் படிக்க வராது. கடைப் பலகை, மருந்துச் சீட்டு, வீட்டுக்கு வரும் கடிதம், எதுவும் வராது. எழுத்தெல்லாம் ஓர் இடத்தில் நிற்காமல் ஓடுகிறது என்றார். சினிமாவில் சின்னச் சின்ன வேஷம் கட்டிக்கொண்டிருந்த ஆள். ஒற்றை வரி வசனம் என்றால் யாரையாவது சொல்லச் சொல்லி, அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்து ஒப்பேற்றிவிடுவார். அன்று முதல் தடவையாக நாலு பக்க வசனத்தைக் கையில் கொடுத்துவிட்டிருந்தார்கள். முதல் பக்கத்தையே ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரைக் கண்டு அக்கா ஓவென்று அழுதாள். தங்கச்சி அழவில்லை. தாளைப் பிடுங்கி ஒரு தடவை படித்தாள், மடித்து வைத்தாள், நாலு பக்கத்தையும் நிறுத்தாமல் ஒப்பித்தாள். அவளுக்கு அப்படி ஒரு மண்டை.

"அப்ப நீயே கூட வந்து சொல்லிக்குடேன் பாப்பா" என்றார் அக்கா புருஷன்.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒரு கம்பெனியில் டைப் அடிக்கும் வேலை கிடைத்திருந்தது, அதை விட்டுவிட்டுப் போனாள். போன முதல் நாளே தப்புப் பண்ணிவிட்டோம் என்று தெரிந்துவிட்டது. அந்தத் தப்புக்காக அவரை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவர் என்னவோ "வாயேன்" என்றுதான் கூப்பிட்டார், கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆனாலும் பழியைப் போட ஓர் ஆள் வேண்டுமே.

வேலை இதுதான். அந்தக் காலத்தில் குரலை எல்லாம் பிறகு டப்பிங்கில் சேர்த்துக்கொள்வார்கள், அதனால் படம் பிடிக்கும்போது யார் கத்தினாலும் கவலையில்லை. கேமராவின் காலடியில் குந்தி உட்கார்ந்து அவள் ஒரு வரி சொல்வாள், அவர் கேட்டு வாங்கி அதைத் திருப்பிச் சொல்வார். அடுத்த வரி, அடுத்த வாங்கல். வாங்கும் நேரத்துக்கு அவர் முகம் ஒரு நொடி நின்று போகும், கண் லேசாகக் கீழே இறங்கும். இந்த ஒரு நொடியைப் பார்த்துத்தான் ஊரே சொக்கிப் போனது. என்ன ஆழம், என்ன நிதானம், ஒரு சொல்லுக்கு முன்னால் மனுஷன் எப்படி உள்ளே போய்த் தேடுகிறார் என்று பத்திரிகைக்காரர்கள் அள்ளி விட்டார்கள். உள்ளேயாவது, வெங்காயமாவது. அவர் தேடியது கொழுந்தியாள் குரலை.

யூனிட்டில் அவளுக்கு 'டேப்பு' என்று பெயர் வைத்தார்கள். நடிகர் ஒரு பழக்கத்துக்காக வைத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், படிக்க வராது என்பது வீட்டு மூன்று பேரைத் தாண்டிப் போகவில்லை. டைட்டிலில் அவள் பெயர் வரக் கூடாது என்று சொன்னதும் அவளேதான். பெயர் வந்தால் இவள் என்ன வேலை செய்கிறாள் என்று எவனாவது கிளறுவான். அப்படி அவளே அடைத்த கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லையே என்று புழுங்குவாள். முப்பது வயதிலேயே முட்டி இரண்டும் போய்விட்டன. குந்தி உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த முட்டி, மாடி ஏறினால் சத்தம் போடும்.

வசனத்தோடு அவருடைய கால்ஷீட்டும் அவள் கைக்கு வந்தது. ஒப்பந்தத் தாளை அவள் படித்துக் காட்டுவாள், அவள் விரல் வைத்த இடத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். தயாரிப்பாளர்கள் கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள். இந்தப் பெண் பேசினால் காரியம் நடக்கிறதே என்று ஒரு காமெடி நடிகன் வந்தான், பின்னாலேயே இரண்டு நடிகைகள் வந்தார்கள். ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே ஓர் அறை பிடித்து, மேஜை போட்டு, மேனேஜர் என்று அட்டை அடித்தாள். எந்த நடிகன் குடித்தால் அழுவான், எந்த நடிகைக்கு எந்தத் தங்கையோடு ஆகாது, யார் யாருக்கு இரண்டு மாதம் வேலையில்லை என்றால் வீட்டு வாடகை இடிக்கும், எல்லாம் அவள் மண்டையில். அவர்கள் நம்பிச் சொன்னவைதான். அவளும் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஊரிலேயே பெரிய படக் கம்பெனி அவளைக் கூப்பிட்டது இந்த மண்டைக்காகத்தான். நடிகர் பிரிவுக்குத் தலைமை. ஒரு வருஷம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்றார் முதலாளி. கேமராவின் காலடிக்கு அவளுக்குப் பதிலாக அக்கா போனாள். ஒன்பதாவது மாடியில் கண்ணாடி அறை, கைப்பிடி வைத்த நாற்காலி. உட்கார்ந்ததும் முட்டி வலிக்கவில்லை. அந்த நாற்காலிக்காக அவள் எதை வேண்டுமானாலும் செய்திருப்பாள். செய்யவும் செய்தாள். பழைய காமெடி நடிகன் புதுப் படத்துக்குப் பேச வந்தபோது, அவனுக்கு எத்தனை மாதமாக வேலையில்லை என்று தெரிந்து வைத்துக்கொண்டு பாதிச் சம்பளத்தைச் சொன்னாள்.

"மேடம், நீங்களே இப்படிச் சொல்லலாமா? என் நிலைமை உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

"தெரிஞ்சுதான் சொல்றேன்" என்றாள்.

பதினோராவது மாதம் முதலாளி அவளைக் கூப்பிட்டார். அக்கா புருஷனை வைத்து ஒரு படம் தொடங்க இருந்தது, இன்னும் மூன்று வாரத்தில் ஷூட்டிங். அதற்குள் ஓர் இளம் ஹீரோவின் கால்ஷீட் கிடைத்துவிட்டது. அவனைப் போட்டால் வியாபாரம் வேறு. ஆனால் அக்கா புருஷனைக் கம்பெனி நீக்கினால் முழுச் சம்பளத்தையும் கொடுத்து, பத்திரிகையில் வருத்தமும் தெரிவிக்க வேண்டும். அவராக விலகினால் ஒன்றும் கிடையாது. அப்படி ஒப்பந்தம். எழுதியது யார்? அவருடைய மேனேஜராக இருந்தபோது இவளேதான், ராத்திரி பகலாக உட்கார்ந்து, மாமாவை எவனும் அசைக்கக் கூடாது என்று எழுதினாள்.

"அவரா போற மாதிரி ஏதாவது வழி இருக்காம்மா?" என்றார் முதலாளி. "இதை மட்டும் முடிச்சுக் குடு. உன் ஆர்டரை அன்னிக்கே டைப் பண்ணச் சொல்றேன்."

யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் தூக்கம் வராமல் புரண்டிருக்கலாம். ஒரு மண்ணும் செய்யவில்லை. "இருக்கு சார்" என்றாள், அவர் வாயை மூடுவதற்குள்.

அந்தப் படத்தை லைவ் சவுண்டில் எடுப்பது என்று முடிவானது. டப்பிங் கிடையாது, நடிக்கும்போது பேசுவதுதான் படத்தில் வரும், செட்டில் ஒருவர் இருமினாலும் ஷாட் போச்சு. புது டைரக்டர் கலைக்காகத்தான் கம்பெனி இவ்வளவு மெனக்கெடுகிறது என்று குளிர்ந்து போனான். முதல் நாளே கோர்ட் சீன், மகனுக்காக ஒரு தகப்பன் கூண்டில் ஏறிப் பேசும் ஐந்து நிமிஷம், ஒரே ஷாட்டில். அந்த வரிசையைப் போட்டுக் கொடுத்தவள் அவள்.

அக்கா போன் பண்ணினாள். "என்னடி இது, லைவ் சவுண்டாமே? அவர் சோத்துல கை வைக்கமாட்டேங்குறார். நானும் பத்து நாளா அதையே சொல்லிச் சொல்லிப் பாக்குறேன், ரெண்டு வரிக்கு மேல நிக்கலை. காதுல வைக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு இருக்காமே, வாங்கிடலாமா?"

"வாங்குக்கா."

"நீ அங்க இருப்பேல்ல?"

"இருப்பேன்கா" என்றாள். பொய் சொல்லவில்லை.

அன்று காலை அவர் கூண்டில் ஏறி நின்றார். காதுக்குள் மொச்சைக்கொட்டை அளவில் அது இருந்தது. வெளியே வேனில் அக்கா வசனத்தை வைத்துக்கொண்டு மைக்கோடு உட்கார்ந்திருந்தாள். இவள் மானிட்டருக்குப் பின்னாலிருந்து சவுண்டு ரெக்கார்டிஸ்டைக் கூப்பிட்டு, "யார்கிட்டயாவது டிரான்ஸ்மிட்டர் இருந்தா இரையுமில்ல? ஒரு தடவை செக் பண்ணிடுங்க" என்றாள். அவர் பாவம், தன் வேலையைப் பார்த்தார். நூறு பேருக்கு நடுவில், "சார், காதுல இருக்கிறதை எடுத்துடுறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். செட்டே திரும்பிப் பார்த்தது. அக்கா புருஷனின் முகம் கறுத்தது. கூண்டை விட்டு இறங்கி நேராக இவளிடம் வந்து, அதைக் கழற்றி இவள் உள்ளங்கையில் வைத்தார். "நீ பாத்துக்க பாப்பா" என்று தணிந்த குரலில் சொன்னார். அவள் வேறு ஏதோ ஏற்பாடு வைத்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். அதை அவள் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

முதல் டேக். "நான் அவனைப் பெத்தவன். என் பிள்ளை திருடலை" என்றார். இரண்டு வரியும் நன்றாகவே வந்தன. பிறகு முகம் நின்றது, கண் கீழே இறங்கியது. லைட்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இதோ, அந்த நிதானம், நேரிலேயே பார்க்கிறோம் என்று அவர்களுக்குப் பூரிப்பு. இவள் காதில் ஹெட்போன் இருந்தது, அதில் அவர் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. கேமராவின் காலடியில் ஒரு கேபிள் சுருள் கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நொடி, இருபது நொடி. லைட்காரர்களின் சிரிப்பு நின்றது.

மூன்றாவது வரி அவளுக்குத் தெரியும். எல்லா வரியும் தெரியும். வாயைத் திறந்தால் அந்த ஷாட் போகும், அவர் தப்புவார். திறக்கவில்லை.

ஐந்தாவது டேக்கில் அந்த இரண்டு வரியும் போயின. டைரக்டர் பையனுக்கே பொறுக்கவில்லை. "மேடம், சாருக்கு இன்னிக்கு உடம்பு முடியலபோல. பிரேக் விடலாமா?" என்றான்.

"எதுக்கு? நல்லாத்தானே போகுது. இன்னொண்ணு போகலாம்" என்றாள்.

இன்னொன்று போனார்கள், பிறகு இன்னொன்று. ஒன்பதாவது டேக்கில் கோர்ட்டுக் கூட்டமாக உட்கார்ந்திருந்த துணை நடிகர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அடுத்தடுத்து நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார், சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் மதியச் சாப்பாடு வரைக்கும் தாங்கியது.

சாப்பாட்டு நேரத்தில் மேக்கப் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்னால ஆகல பாப்பா."

"விலகிக்கிறீங்களா மாமா? உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம். மரியாதையா முடிஞ்சிடும்."

"உனக்கு ஒண்ணும் கஷ்டம் வராதே? நீ அங்க வேலை பாக்குற. உன் மாமன் பாதியில விட்டுட்டுப் போயிட்டான்னு உன்னைப் பேசமாட்டாங்களே?"

"பேசமாட்டாங்க மாமா."

தாள் கைப்பையில் தயாராக இருந்தது, மூன்று நாளைக்கு முன்பே அடித்தது. விரல் வைத்தாள், அவர் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

பத்திரிகைக்குக் கொடுக்க ஒரு வீடியோ வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அங்கேயே ஒரு சின்ன கேமராவை வைத்தார்கள். பதினொரு மாதத்துக்குப் பிறகு அவள் அதன் காலடியில் குந்தினாள், முட்டி சத்தம் போட்டது. அவள் எழுதியதை வரி வரியாகச் சொன்னாள். உடல்நிலை காரணமாக நானாகவே விலகுகிறேன். கம்பெனி என்னைக் கௌரவமாக நடத்தியது. என் இடத்தில் நடிக்கப்போகும் தம்பிக்கு என் வாழ்த்து. அவர் ஒவ்வொன்றாக வாங்கித் திருப்பிச் சொன்னார், அதே நிதானத்தோடு. மேக்கப்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி வரி முடிந்தது. அவள் எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினாள். அவர் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணு சொல்லணும். எனக்குப் படிக்க வராது. வசனம் மண்டைல நிக்காது. இத்தனை படத்துலயும் கேமராவுக்குக் கீழ உக்காந்து எனக்கு எடுத்துக் குடுத்தது என் கொழுந்தியா. நான் வாங்கின பேர்ல பாதி அவளுது. அவளுக்கு முட்டியே போயிடுச்சு. ஒரு மேடைலயும் நான் அவ பேரைச் சொன்னதில்ல, சொல்லக் கூடாதும்பா. இப்ப சொல்லிடுறேன்." சொன்னார். அவள் பெயரைச் சொல்லிக் கைகூப்பினார். யாரும் எடுத்துக் கொடுக்காமல், ஒரு நொடிகூட நிற்காமல், தண்ணீராகப் பேசி முடித்தார்.

சாயங்காலம் முதலாளி ஒன்பதாவது மாடியில் அந்த வீடியோவைப் பார்த்தார். "பிரமாதம்" என்றார். கடைசித் துண்டு வந்ததும் அவளைத் திரும்பிப் பார்த்தார். "இது வெளிய போனா, தெரிஞ்சுதான் லைவ் சவுண்டு வச்சோம்னு எவனாவது கோர்ட்டுக்குப் போவானே?"

"அது வேண்டாம் சார். வாழ்த்தோட நிறுத்திடலாம்" என்றாள்.

எடிட்டரை வரவழைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று அவளே காட்டினாள். வெட்டிய துண்டை அழித்தாகிவிட்டதா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். வேலை நிரந்தரமான ஆர்டர் மறுநாள் மேஜையில் இருந்தது.

அன்று பத்து மணிக்கு அக்கா கூப்பிட்டாள். "டிவில பாத்தோம்டி. உன்னைப் பத்தி ஏதோ சொன்னேன்னு நேத்துலேர்ந்து என்கிட்ட அவ்வளவு சந்தோஷமா சொல்லிட்டிருந்தார். அது வரலையே?"

"நீளமாயிடுச்சுக்கா. டிவிக்காரங்க வச்சுக்கமாட்டாங்க."

அந்தப் பக்கம் அக்கா அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு அவர் குரல், கொஞ்சம் தள்ளியிருந்து: "அவளைத் தொந்தரவு பண்ணாதே, போனை வை. எதை வைக்கணும், எதை எடுக்கணும்னு அவளுக்குத் தெரியும்."